இலவசப் பயணத்தின் விலை: வ.உ.சி. வாழ்க்கை சொல்லும் பொருளியல் பாடம்

பூச்சோங்கில் மாலை வேளைகளில் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பொருளியல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அண்மையில் நிறைகுறைப் போட்டி என்ற பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேள்வி கேட்டார். ஒரு நிறுவனம் விலையைக் கூட்டினால் அது சந்தை ஆதிக்கம் என்பது புரிகிறது. ஆனால் விலையைக் குறைப்பதையும் தவறு என்கிறீர்களே, மலிவாகக் கிடைத்தால் மக்களுக்கு நல்லதுதானே என்று கேட்டார். வகுப்பில் பலர் தலையாட்டினர். கைப்பேசியில் தள்ளுபடி வரும் நேரம் பார்த்து உணவு வாங்கும் தலைமுறை அது. கேள்வி நியாயமானதுதான்.

பாடநூலில் உள்ள வரைபடத்தைக் காட்டிப் பதில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன். அவர் பொருளியல் பேராசிரியர் அல்லர். தூத்துக்குடியில் கறுப்பு அங்கி அணிந்து வாதாடிய வழக்கறிஞர். கப்பலோட்டிய தமிழன் என்று நாம் எல்லாரும் அறிந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை.

அவரை நாம் பெரும்பாலும் 1961-இல் வந்த திரைப்படத்தின் வழியாகவும், செக்கிழுத்த செம்மல் என்ற பட்டத்தின் வழியாகவும் அறிந்திருக்கிறோம். விடுதலைப் போராட்ட வீரர் என்று மரியாதை செலுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அவர் மோதியது ஓர் அரசோடு மட்டுமல்ல, ஒரு முற்றுரிமை நிறுவனத்தோடும்தான். பள்ளியில் நீங்கள் மொனோப்போலி என்று படிப்பதை அவர் கடலில் நேருக்கு நேர் சந்தித்தார்.

அந்த நிறுவனம் மலேசியத் தமிழருக்கு அந்நியமானதும் அன்று. நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கிலோ இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கிய நம் முன்னோர் பலர் வந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களில்தான். தாத்தா பாட்டிமார் இன்றும் பெயர் சொல்லும் ராஜுலா கப்பலும் அந்த நிறுவனத்துடையதே. என் தாத்தாவும் அதில் வந்தவர். வேறு எந்தக் கப்பலில் வந்திருக்கலாம் என்று சிறு வயதில் அவரிடம் கேட்டபோது அவருக்குக் கேள்வியே புரியவில்லை. தேர்ந்தெடுக்க வேறு ஏதாவது இருந்தால்தானே அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு!

ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர்

வ.உ.சி. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் வழக்கறிஞர். திருச்சியில் சட்டம் படித்துத் தேறிய மகன், முதலில் சொந்த ஊரிலும் 1900 முதல் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். ஏழைகளின் வழக்கை எடுத்து வாதாடுபவர் என்ற நல்ல பெயர் கிடைத்தது. தமிழில் ஆழ்ந்த புலமையும் இருந்தது. நல்ல வருமானத்தோடு நிம்மதியாக வாழ்ந்திருக்கக்கூடிய மனிதர்.

தூத்துக்குடி அப்போது சுறுசுறுப்பான துறைமுகம். எதிரே, ஓர் இரவுப் பயணத்தில் கொழும்பு. பஞ்சும் அரிசியும் மற்றச் சரக்குகளும் போய்க்கொண்டிருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்களும் போய்க்கொண்டிருந்தனர். சரக்கும் ஆளும் ஏராளம். ஆனால் அந்த வழித்தடத்தை ஆண்டது ஒரே நிறுவனம். 1856-இல் கல்கத்தாவில் தொடங்கி, அரசின் தபால் ஒப்பந்தங்களைப் பெற்று வளர்ந்த பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம்தான் அது. 1914-இல் அது பி அண்ட் ஓ நிறுவனத்துடன் இணைந்தபோது அதனிடம் 100-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன.

இங்கே ஒரு பாடக் குறிப்பு. நிறைவுப் போட்டியில் விற்பவர் பலர் இருப்பர். எவரும் தனியாக விலையை நிர்ணயிக்க முடியாது. சந்தையின் விலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். நிறைகுறைப் போட்டியில் அப்படி அல்ல. விற்பவரே விலையை வகுக்கிறார். அவருக்கு அந்த வலிமை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், புதியவர் நுழைய முடியாதபடி இருக்கும் தடைகளிலிருந்துதான். கப்பல் தொழிலில் முதல் தடை மூலதனம். மளிகைக் கடை திறப்பதைப் போல் எவரும் கப்பல் நிறுவனம் திறந்துவிட முடியாது.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

வங்காளப் பிரிவினையை எதிர்த்து 1905-இல் எழுந்த சுதேசி இயக்கம் துணி, உப்பு, சர்க்கரை என்று அந்நியப் பொருள்களை விலக்கச் சொன்னது. வ.உ.சி. அதற்கும் ஒரு படி மேலே யோசித்தார். வணிகம் நம்முடையதாக வேண்டுமானால் அதைச் சுமந்து செல்லும் கப்பலும் நம்முடையதாக வேண்டும் என்று கருதினார்.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. திட்டமிட்ட மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதைப் பத்துப் பணக்காரர்களிடம் வாங்கவில்லை. தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தனர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய் மதிப்புள்ள பங்குகளை வாங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. வ.உ.சி. ஊர் ஊராகச் சென்று மீதியைத் திரட்டினார். பாரதியார் தம் இந்தியா இதழில் ஆதரித்து எழுதினார்.

இந்த 25 ரூபாய்க் கணக்கை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மூலதனம் என்ற நுழைவுத் தடையைத் தாண்ட அவர் கண்ட வழி அது. அதோடு இன்னொன்றும் அதில் இருந்தது. பங்கு வாங்கிய வணிகர் தம் சரக்கைச் சொந்தக் கப்பலில்தான் அனுப்புவார். வாடிக்கையாளரையே உரிமையாளராக்கிவிட்டால் அவரை எளிதில் பிரித்து எடுக்க முடியாது என்பதே அந்த ஏற்பாட்டின் பயன்.

முதல் அடி விலையில் விழவில்லை. தொடக்கத்தில் சுதேசி நிறுவனத்திடம் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாய் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினர். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் அந்தப் பக்கம் அழுத்தம் கொடுக்க, வாடகைக் கப்பல் திரும்பப் பெறப்பட்டது. எதிராளி தொழில் நடத்தத் தேவையானதையே கிடைக்காமல் செய்வதும் சந்தை ஆதிக்கத்தின் ஒரு வடிவம்தான். கொழும்பிலிருந்து வேறு கப்பலை அமர்த்திச் சமாளித்த வ.உ.சி., சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். திரும்பினால் கப்பலோடுதான், இல்லையேல் கடலில் விழுந்து உயிர் விடுவேன் என்று சூளுரைத்துச் சென்றதாகச் சொல்வார்கள். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும் இரண்டாம் வகுப்பில் 24 பேரும் சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்லலாம். 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம்.

எட்டணாவும் ஒரு குடையும்

பிறகுதான் என் மாணவியின் கேள்விக்கு உரிய கட்டம் வருகிறது. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவாக, அதாவது அரை ரூபாயாகக் குறைத்தது. எதிரி கட்டணமே வேண்டாம், இலவசமாக வாருங்கள் என்றது. ஏறியவருக்கு ஒரு குடையையும் இனாமாகக் கொடுத்தது என்பது இன்றுவரை சொல்லப்படும் செய்தி.

எப்படி இவ்வளவு தூரம் இறங்க முடிந்தது? ஒரு கப்பல் புறப்பட்டால் நிலக்கரி, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் கொடுத்தே ஆக வேண்டும். ஐம்பது பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் அந்தச் செலவு பெரிதாக மாறாது. கூடுதலாக ஏறும் ஒருவருக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. இதைத்தான் இறுதிநிலைச் செலவு என்று படிக்கிறீர்கள். அதனால் கப்பல் தொழிலில் போட்டி மூண்டால் கட்டணம் பாதாளம் வரை போகும். எட்டணா வீதம் 1,300 பேர் ஏறினாலும் மொத்த வசூல் 650 ரூபாய்தான். அதை வைத்துக்கொண்டு கடனையும் கட்டி, கப்பலையும் பழுதுபார்க்க முடியுமா?

இரண்டு நிறுவனங்களுக்கும் இழப்புதான். ஆனால் இழப்பைத் தாங்கும் வலிமை சமமாக இல்லை. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் ரங்கூன், பினாங்கு, பாரசீக வளைகுடா என்று எத்தனையோ வழித்தடங்களில் சம்பாதித்தது. தூத்துக்குடியில் இழந்ததை அங்கே ஈடுகட்டிக்கொள்ளலாம். சுதேசி நிறுவனத்திற்கு இருந்தது இந்த ஒரே வழித்தடம். அதில் இழந்தால் எல்லாம் இழப்பு. திறமையில் யார் உயர்ந்தவர் என்று பார்க்கும் போட்டியாக அது இல்லை. யாருடைய பணப்பை ஆழமானது என்று பார்க்கும் போட்டியாகிவிட்டது. எதிராளியை ஒழிப்பதற்காகவே நட்டத்திற்கு விற்பதைப் பொருளியலில் சூறையாடும் விலையிடல் என்கிறார்கள்.

பயணியின் நிலையிலிருந்தும் பாருங்கள். கையில் காசில்லாத ஒருவர் இலவசக் கப்பலில் ஏறுவதில் என்ன தவறு? தனியொருவராகப் பார்த்தால் அது புத்திசாலித்தனம். ஆனால் எல்லாரும் அதையே செய்தால் மாற்றுக் கப்பல் மூழ்கிவிடும். அதன் பிறகு எந்தக் கட்டணம் கேட்டாலும் கொடுக்க வேண்டியவர்கள் அவர்களேதான். இந்த முரண்பாட்டை உடைக்க வ.உ.சி.யிடம் இருந்த கருவி நாட்டுப்பற்று ஒன்றுதான். எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள், நாளைய விடுதலைக்கும் நாளைய நியாயமான கட்டணத்திற்கும் சேர்த்தே கொடுத்தார்கள். வணிகர்கள் பலரும் அவர் பக்கம் நின்றார்கள் என்பது வியப்புக்குரியது.

ஆலையிலும் அதே கை

தூத்துக்குடியில் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் முகவராக இருந்தது ஹார்வி நிறுவனம். அதே ஹார்வி நிறுவனம்தான் கோரல் நூற்பாலையையும் நடத்தியது. சிறிய ஊரில் பெரிய ஆலை ஒன்றே இருந்தால், கூலியை நிர்ணயிப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. விற்பவர் ஒருவராக இருப்பது முற்றுரிமை என்றால், உழைப்பை வாங்குபவர் ஒருவராக இருப்பது வாங்குவோர் முற்றுரிமை. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடும் வேலையும் கடையும் ஒரே தோட்டத்திற்குள் இருந்த காலத்தை அவர்கள் பார்த்தவர்கள்.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களை வழிநடத்தினர். ஒன்பது நாள்களில் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் ஒப்புக்கொள்ளப்பட்டன. தனித்தனித் தொழிலாளிக்கு இல்லாத பேரம் பேசும் வலிமை, அவர்கள் ஒன்றாக நின்றபோது கிடைத்தது.

ஆனால் கப்பலிலும் ஆலையிலும் ஒரே நேரத்தில் கை வைத்தவரை ஆட்சியாளர்கள் விட்டுவைப்பார்களா? மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தது கோவைச் சிறையில்தான்.

அவர் சிறையில் இருந்தபோதே, 1911-இல், நிறுவனம் கலைக்கப்பட்டது. எந்த நிறுவனத்தோடு போரிட வாங்கினார்களோ, அந்த நிறுவனத்திடமே காலியா கப்பல் விற்கப்பட்டது. அவரை அதிகம் வருத்தியது எது, செக்கா, இந்தச் செய்தியா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

1912 டிசம்பரில் வெளியே வந்தவரை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வணிகங்கள் செய்து பிழைக்கப் பார்த்தார். வறுமையிலும் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார்; தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார்; ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். பின்னர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறக்காமல் தம் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது.

சட்டம் எங்கே போயிருந்தது?

இவ்வளவு நடந்தபோது நீதிமன்றம் என்ன செய்தது என்று மாணவர்கள் கேட்டார்கள். சூறையாடும் விலையை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தாலும் வென்றிருப்பார்களா என்பது ஐயமே. 1885-இல் சீனத் தேயிலையை ஏற்றச் சென்ற மொகுல் என்ற கப்பல் நிறுவனத்தை, ஏற்கெனவே அங்கே தொழில் நடத்தியவர்கள் கூட்டாகக் கட்டணத்தைக் குறைத்து விரட்டினார்கள். மொகுல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1891-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, தங்கள் வணிகத்தைக் காத்துக்கொள்ள அப்படிச் செய்தது சட்டத்திற்கு எதிரானதன்று என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் மட்டும் நிலை மாறிக்கொண்டிருந்தது. 1890-இல் ஷெர்மன் சட்டம் வந்தது. சுதேசி நிறுவனம் கலைந்த அதே 1911-இல், அந்தச் சட்டத்தின்கீழ் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற மாபெரும் எண்ணெய் நிறுவனம் உடைக்கப்பட்டது.

பொருளியல் கோட்பாடும் தாமதமாகவே வந்தது. ஜோன் ராபின்சன் நிறைகுறைப் போட்டியைப் பற்றிய தம் நூலை 1933-இல்தான் வெளியிட்டார். வாங்குவோர் முற்றுரிமை என்ற கருத்துக்கு ஒரு தனிச் சொல் அந்த நூலில்தான் பிறந்தது. வ.உ.சி.க்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

மறுதரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும். பெரிய நிறுவனம் அதிகமாக விற்பதால் நட்டமும் அதற்கே அதிகம். எனவே சூறையாடும் விலை அறிவுள்ள உத்தியே அன்று என்று 1958-இல் ஜான் மெக்கீ என்ற பொருளியலாளர் வாதிட்டார். ஆனால் பழைய பிரிட்டிஷ் கப்பல் கூட்டணிகளை ஆராய்ந்து 1997-இல் பியோனா ஸ்காட் மார்ட்டன் வெளியிட்ட கட்டுரை, பண வலிமை குறைந்த புதியவர்கள் மீதுதான் கட்டணப் போர் அதிகம் தொடுக்கப்பட்டது என்று காட்டியது. தூத்துக்குடியில் நடந்ததும் அதுவே.

எல்லாப் பழியையும் எதிரி மீது போட்டுவிடவும் முடியாது. சுதேசி நிறுவனத்தின் மூலதனம் அது எடுத்துக்கொண்ட வேலைக்குப் போதவில்லை. முழுச் சுமையும் ஒரே மனிதர் தோளில் இருந்தது. அவர் சிறைக்குப் போனதும் தாங்க ஆளில்லை. 1919-இல் பம்பாயில் தொடங்கிய சிந்தியா கப்பல் நிறுவனத்தின் மூலதனம் நாலரைக் கோடி ரூபாய், அதாவது வ.உ.சி. திட்டமிட்டதைப் போல் 45 மடங்கு. அதன் மீதும் கட்டணப் போர் தொடுக்கப்பட்டது. அது தாக்குப்பிடித்து, 1923-இல் எதிரியோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு பிழைத்தது. அதற்கும் கப்பல்களின் அளவுக்கு வரம்பு கட்டப்பட்டது.

நம் கைப்பேசியில் ஒரு கடல்

இன்று மலேசியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. பெரிய நிறுவனமாக இருப்பது குற்றமன்று. அந்த ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் சட்டத்தின் 10-ஆம் பிரிவு தடை செய்கிறது. போட்டியாளரைச் சூறையாடும் நடத்தையும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளது. சந்தையில் 60 விழுக்காட்டுக்கு மேல் பங்கு இருந்தால் ஆதிக்க நிலைக்கு அது ஓர் அடையாளம் என்கின்றன போட்டி ஆணையத்தின் வழிகாட்டிகள். ஆனால் பங்கு மட்டுமே முடிவான சான்றாகாது.

போட்டியாளர் விலகினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை எடுத்துக்காட்டும் உண்டு. 2018-இல் ஊபர் தன் தென்கிழக்காசிய வணிகத்தைக் கிராப்பிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. அதைச் சூறையாடும் விலை என்று சொல்ல முடியாது. அது ஓர் இணைப்பு. ஆனால் அதை ஆராய்ந்த சிங்கப்பூர்ப் போட்டி ஆணையம், பயணிகள் உண்மையில் கொடுத்த கட்டணம் அதன்பின் 10 முதல் 15 விழுக்காடு வரை உயர்ந்ததாகக் கண்டறிந்தது. இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது.

வகுப்பு முடிந்ததும் கேள்வி கேட்ட மாணவி என்னிடம் வந்தார். அப்படியானால் இனிமேல் மலிவாகக் கிடைப்பதை வாங்கக் கூடாதா என்று கேட்டார். தாராளமாக வாங்கலாம் என்றேன். திறமையால், புதிய தொழில்நுட்பத்தால், குறைந்த செலவால் விலை இறங்கினால் அதுதான் போட்டி தரும் நன்மை. ஆனால் விலை இறங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழக வேண்டும். இந்த விலையில் விற்பவருக்குக் கட்டுபடியாகிறதா? பக்கத்துக் கடை மூடிய பிறகும் இந்த விலை நிற்குமா?

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் துறையில் ஒரு காலத்தில் குடையை வாங்கிக்கொண்டு இலவசமாகக் கப்பலேறிய மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் எட்டணா இருந்திருக்காது. அந்தக் குடைக்கு யார் எப்போது விலை கொடுக்கப் போகிறார்கள் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கல்வியும் அவருக்குக் கிடைக்கவில்லை. மாணவர்களே, உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. தேர்வுத் தாளோடு அதை நிறுத்திவிடாதீர்கள்.